இரண்டு நாளில் யாழ்ப்பாணம் பார்த்தல்: ஓர் உறவியல் ஆய்வு

பலெர்மோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, போன வருஷம் சித்திரையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புளோரன்ஸ் நகரத்துக்குப் போனான். சனி, ஞாயிறு இரண்டே நாள். புருனெலெஸ்கி 1436இல் கட்டி முடித்த கவிமாடத்தின் 463 படிகளும் ஏறினான். மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உஃபிசி கலைக்கூடத்தில் பிள்ளைகள் கால் உளைகிறது என்று அழும் வரைக்கும் நின்றான். திங்கள் காலை வேலைக்கும் போய்விட்டான்.

அதே தம்பி அதே குடும்பத்தோடு ஆவணியில் யாழ்ப்பாணம் வந்தான். இங்கேயும் சனி, ஞாயிறு இரண்டே நாள். பார்த்து முடித்தவை: கோயில் ஒன்று, கோட்டை முக்கால், வீடு பதினொன்று.

ஒரே ஆள், ஒரே கால அளவு, ஒரே கால்கள். விளைவு மட்டும் ஏன் வேறுபட்டது? இவ்வினாவை இதுகாறும் யாரும் முறையாக ஆராயவில்லை. பயணத் திட்டத்தை எழுதியவன், வானில் முன் ஆசனத்தில் இருந்தவன், பதினொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தவன் என்ற மூன்று தகுதிகளும் ஒருங்கே பெற்றிருப்பதால், ஆய்வாளன் இப்பணியைத் தன் தலைமேல் எடுத்துக்கொண்டான்.

கழிக்கத்தக்க கருதுகோள்கள்

புளோரன்ஸ் தொன்மை குறைந்த ஊர், ஆகவே விரைவில் பார்த்து முடியும் என்பார் உளர். பொருந்தும். அது உரோமர் கி.மு. முதல் நூற்றாண்டில் அமைத்த குடியேற்றம். நம்முடைய கந்தரோடையில் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியே பெருங்கற்காலத்து மக்கள் குடியிருந்தார்கள். ஆனால் தொன்மையைப் பார்ப்பதில் நேரம் போயிருந்தால் அல்லவோ இக்காரணம் நிற்கும்? கந்தரோடைத் தூபிகளுக்கு நாங்கள் செலவிட்ட நேரம் பூச்சியம். ஆகையால் அது கழிந்தது.

ஊர் பரந்தது, தூரம் அதிகம் என்பதும் நில்லாது. கொக்குவிலில் இருந்து நல்லூருக்குச் சைக்கிளிலே போய் வருகிறவர்கள் நாங்கள். வெயில் என்பதும் ஆகாது. தம்பி வளர்ந்ததே இந்த வெயிலில்தான். கோட்டைக்கு மூன்று மாதம் முன்கூட்டிச் சீட்டுப் பதியவும் தேவையில்லை. எல்லாவற்றையும் கழித்தபின் எஞ்சி நிற்பது ஒரே வேறுபாடு. புளோரன்ஸில் பெரியம்மா இல்லை.

முன்னோர் பயணங்கள்

இக்குடாநாட்டைக் குறுகிய காலத்தில் பார்த்து முடித்த வெற்றியாளர் இருவரை வரலாறு காட்டுகிறது.

முதலாமவர் சுவாமி விவேகானந்தர். 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கிக் கண்டி வழியாக வந்தார். வடக்குக்கு அப்போது ரயில் இல்லை. யாழ்ப்பாணத்துக்கான முழுப் பாதை திறந்தது 1905இல்தான். குதிரை வண்டியில் காட்டுப் பாதையால் வரும்போது தம்புள்ளைப் பக்கம் சில்லு உடைந்து, மணிக்கணக்காகத் தெருவில் காத்திருந்து, பிறகு மாட்டு வண்டியில் அநுராதபுரம் வந்து, ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள், இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார், கப்பல் ஏறிப் பாம்பனுக்குப் போய்விட்டார். இவ்வளவும் ஏறக்குறைய நமது தம்பியின் கால அளவுக்குள் அடங்கிவிட்டது.

இரண்டாமவர் காந்தியடிகள். 1927 நவம்பர் 26 அன்று வந்தார். அன்று சனிக்கிழமை என்பது நோக்கத்தக்கது. வார இறுதிப் பயணத்துக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டியதில்லை. மாணவர் காங்கிரசின் அழைப்பில் வந்து, 29ஆம் திகதிக்குள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கூட்டம் கூட்டமாகப் பேசி, கதர் நிதியும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார்.

இவ்விருவர்க்கும் பொதுவாய் நின்றது யாது? துறவு என்று மேலோட்டமாகச் சொல்வர். ஆய்வாளன் அதை ஏற்றுக்கொண்டு ஒரு திருத்தம் சேர்க்கிறான்: துறந்தது உலகத்தை அல்ல, மானிப்பாயில் மாமி என்ற ஒன்றை. அதிலும் காந்தியடிகள் தேத்தண்ணி குடிப்பதில்லை. அதற்கு எதிராக எழுதியும் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அவருடைய நிகழ்ச்சி நிரல் பிசகாமல் நடந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேடுவது வீண்.

தாளின் இரு பக்கங்கள்

பயணத் திட்டத்தை ஆய்வாளன் சீ.ஆர். கொப்பியில் இருந்து கிழித்த ஒற்றையில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தான். சனி காலை 7.00 நல்லூர். 8.30 யமுனா ஏரி, மந்திரிமனை. 9.30 கோட்டை. 11.00 நூலகம். பகல் கந்தரோடை, கீரிமலை. மாலை கசூரினாக் கடற்கரை. ஞாயிறு குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவு, பின்னேரம் நிலாவரை, முடிந்தால் பருத்தித்துறை. இரவு 7.30க்கு வெள்ளவத்தைக்குப் போகும் பஸ். புளோரன்ஸ்காரன் ஒருவன் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

இதை வியாழக்கிழமை பெரியம்மாவிடம் காட்டினேன். (தம்பிக்குப் பெரியம்மா, எனக்கு அம்மா. இதனால் ஆய்வின் நடுநிலை பாதிக்கப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன்.) அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழாக வாசித்து, தாளைத் திருப்பினா.

"பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு. பேனையைத் தா."

பின்பக்கத்தில் அம்மா எழுதியது இடங்கள் அல்ல, ஆட்கள். சங்கானை மாமி. மானிப்பாய் சின்னத்தான் வீடு. கந்தரோடை ஆச்சி. அளவெட்டி, கீழே கோடு. உரும்பிராய், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நேரம் எதற்கும் போடவில்லை.

"நேரம் என்னண்டு போடுறது, போய் இருந்து பாத்தால்தானே தெரியும்" என்றா.

சனிக்கிழமை வான் வந்தது. சாரதி தாளைக் கேட்டார். அம்மா பின்பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு அந்தத் தாள் திரும்பவேயில்லை.

இலக்கணம்

தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டி, எங்கள் வீட்டில் இருந்து வானில் அரை மணித்தியாலம். அந்தத் துணிவில் ஒரு நூற்பா:

செத்தவீ டாவது, பிறந்தவீ டாவது,
மூத்தோர் இருப்பது, முறுகி நிற்பது,
ஒழுங்கையில் வான்தனைக் கண்டது என்றாங்கு
ஐவகைப் படுமே அடைதகு வீடே.

என்பது என்னுதலிற்றோ எனின், இரண்டு நாளில் போயே ஆகவேண்டிய வீடுகளின் வகை உணர்த்துதல் நுதலிற்று.

செத்தவீடு என்றது கடந்த ஒரு வருஷத்துக்குள் துக்கம் நடந்து, நாம் வெளிநாட்டில் இருந்தபடியால் வரமுடியாமற்போன வீடு. இதற்கு விலக்கே இல்லை. ஆனால் கோயிலுக்குப் போனபின்தான் போகலாம். போய் வந்து முழுகாமல் கோயிலுக்குப் போகமுடியாது. பிறந்தவீட்டுக்கும் நேரே போகக்கூடாது. வெளிக்கிடும்போது "போட்டு வாறம்" சொல்லவும் கூடாது. இந்த ஒரு வீட்டால் மட்டும் நாளின் ஒழுங்கு முழுவதும் மாறும். பிறந்தவீடும் மூத்தோர் வீடும் எளிது, உரை வேண்டா.

முறுகி நிற்பது என்றது கோபத்தில் இருக்கும் வீடு. மற்ற வீடுகளுக்குப் போகாவிட்டால் கவலைப்படுவார்கள். இந்த வீட்டுக்குப் போகாவிட்டால், போகாததையே ஆதாரமாக வைத்திருப்பார்கள். உரும்பிராய்க்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறி இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாமத்தியச் சடங்கு வீடியோவில் அவர்களுடைய முகம் சரியாக விழவில்லை என்பது வழக்கு. வீடியோ எடுத்தவன் யார், நாங்கள் யார் என்று நான் கேட்டேன். அம்மா விடை சொல்லவில்லை, கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டா. நாங்கள் மிக நீண்ட நேரம் இருந்ததும், மிக நல்ல பலகாரம் சாப்பிட்டதும் அந்த வீட்டில்தான். கோபம் ஆறிவிட்டதா என்பது அடுத்த சடங்கில்தான் தெரியும்.

ஐந்தாவதே ஆய்வுலகம் இதுவரை கவனியாதது. ஒழுங்கைகளின் அகலம் காரணமாக வான் ஊர்ந்துதான் போகும். படலையில் நிற்கிறவர் உள்ளே பார்ப்பார். உள்ளே இருக்கிறவர் வெளியே பார்ப்பார். கண்டபின் காணாத மாதிரிப் போவது இந்த மண்ணில் இயலாது. மானிப்பாயில் சின்னத்தான் வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் ஒருவர் வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டு நின்றார். நிமிர்ந்து, "ஆர், குலம் அண்ணையின்ரை மோனோ?" என்றார். அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத வீடு ஒன்று பட்டியலில் ஏறியது. அவருக்கும் எங்களுக்கும் என்ன முறை என்பதை அங்கே இருந்த முக்கால் மணித்தியாலத்தில் மூன்று வழியாகக் கண்டுபிடித்தோம். மூன்றும் வேறுவேறு முறை.

ஒரு வீட்டின் கால அளவு

வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் எழும்பலாம் என்று தம்பி ஒவ்வொரு படலையிலும் சொன்னான். ஏன் முடியவில்லை என்பதை மிக அருகில் நின்று கவனித்து எழுதுகிறேன்.

முதலில் விறாந்தையில் கதிரைகள் போதாது. உள்ளே இருந்து வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் இருப்பதால் மின்விசிறியும் வரும். அதன் வயர் எட்டாது. நீட்டும் வயரைத் தேடி ஒருவர் போவார். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "இப்பதான் குடிச்சனாங்கள், ஒண்டும் வேண்டாம்" என்போம். இது மறுப்பல்ல என்பது இருவருக்கும் தெரியும். "அப்ப பிள்ளையளுக்கு நெக்டோ குடுப்பம்" என்று உள்ளே போவார்கள்.

இந்த இடத்தில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குசினியில் கேத்தில் வைக்கும் சத்தம் ஒரு பொருட்டில்லை. வீட்டுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டும் சத்தம் கேட்கிறதா என்பதே கேள்வி. கேட்டால், வீட்டுப் பெடியன் பின்படலையால் கடைக்கு வெளிக்கிட்டுவிட்டான் என்று பொருள். சந்திக் கடையில் சோடா இருக்கலாம், இல்லாமல் அடுத்த சந்திக்குப் போகவேண்டி வரலாம். எப்படியாயினும் அந்தச் சைக்கிள் திரும்பி வரும் வரைக்கும் எழும்ப முடியாது. எழும்பினால் அந்தப் பெடியன் வெயிலில் மிதித்தது வீணாகும், அது பாவம். இரண்டு நாளில் ஏழு முறை அந்தச் சத்தம் கேட்டது. ஏழு முறையும் தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

பிறகு விடைபெறுதல். அது மூன்று நிலைகளில் நிகழும். கதிரையில் இருந்து எழும்பி ஒரு முறை. விறாந்தைப் படியில் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஒரு முறை. படலையடியில் ஒரு முறை. முக்கியமான செய்திகள் எல்லாம் மூன்றாம் நிலைக்காக வைத்திருக்கப்படும். யாருக்குச் சலரோகம், எந்தக் காணி விலைக்கு வருகிறது, எந்தப் பிள்ளைக்குக் குறிப்புப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் வான் உறுமிக்கொண்டு நிற்கும்போது, ஒரு கை வான் கதவிலும் ஒரு கை படலையிலுமாக நின்றுதான் சொல்லப்படும். சங்கானை மாமி வீட்டில் உள்ளே இருந்தது முப்பது நிமிடம், படலையடியில் நின்றது நாற்பது.

பஞ்சாங்கத் தலையீடு

சனிக்கிழமை இராகுகாலம் காலை ஒன்பது தொடக்கம் பத்தரை. ஞாயிறு மாலை நாலரை தொடக்கம் ஆறு. வார இறுதிப் பயணத்தின் தலையிலும் வாலிலும் இவ்வளவு சரியாக இராகு வந்து குந்துவது தற்செயல் அல்ல என்று நினைக்கத் தோன்றுகிறது.

காலை ஏழு மணிக்கே நல்லூருக்கு வெளிக்கிட்டுவிட்டோமே, பயணம் அப்போதே தொடங்கிவிட்டதல்லவா என்று ஆய்வாளன் வாதாடினான். அம்மாவின் தீர்ப்பு: கோயிலால் வந்து இடியப்பம் சாப்பிட்டாச்சு, வீட்டுக்குள்ளே சாப்பிட்டால் முதற் பயணம் முடிந்தது, இனி வெளிக்கிடுவது புதுப்பயணம். பத்தரை வரைக்கும் விறாந்தையில் இருந்தோம். மந்திரிமனை, யமுனா ஏரி, கோட்டை மூன்றும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மறைந்தன.

ஞாயிறு பின்னேரம் இதைவிட மோசம். பஸ் 7.30க்கு, ஆனால் நாலரைக்கு முன் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். நாலே காலுக்குப் பெட்டிகளோடு தெருவில் நின்றால் மூன்று மணித்தியாலம் எங்கே போய் இருப்பது? பதினோராவது வீடு அப்படித்தான் பிறந்தது.

பார்த்த இடங்கள்

நல்லூரைப் பார்த்தோம். தாளின் இரு பக்கமும் ஒத்துப்போன ஒரே இடம் அது. போர்த்துக்கேயர் 1621இல் பழைய கோயிலை இடித்தார்கள். இப்போதுள்ளது 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் தொடக்கியது. கொடியேறியிருந்தது, இருபத்தைந்து நாள் திருவிழா. விடியற்காலை வீதி மணலில் ஆண்கள் பிரதட்டை பண்ணிக்கொண்டு வந்தார்கள். தம்பியின் மூத்தவன் வாய் திறந்தபடி நின்றான். சட்டையைக் கழற்றச் சொன்னபோது மாத்திரம் கூச்சப்பட்டான். உள்ளே போய் நூற்றுக்கணக்கான வெறும் முதுகுகளைக் கண்டபின் அதுவும் போய்விட்டது. பலெர்மோவில் அவர்கள் சைவராய் இருந்துகொண்டே சாந்தா றொசாலியாவின் மலைக் குகைக்கு ஏறிக் கும்பிடுகிறவர்கள். அங்குள்ள தமிழர் பலர் அப்படித்தான். ஆகவே கூட்டத்தோடு நடப்பது பிள்ளைகளுக்குப் பழக்கம்.

கந்தரோடையைப் பார்க்கவில்லை, ஆனால் கந்தரோடைக்குப் போனோம். போல் பீரிஸ் நூறு வருஷத்துக்கு முன் தோண்டி வெளிப்படுத்திய சிறு தூபிக் கூட்டம், ஆச்சி வீட்டில் இருந்து நடந்தே போகும் தூரம். ஆச்சி அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே கலியாணம் முடித்து, எண்பது தாண்டியவ.

"அங்கை என்ன கிடக்கு? வட்டம் வட்டமாய்க் கல்லு. சட்டியைக் கவுட்டு வைச்ச மாதிரி. நீ இரு மோனே, பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைச்சிருக்கிறன்."

ஈராயிரம் வருஷத்தையும் பனங்காய்ப் பணியாரத்தையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று புத்தகத்தில் படித்திருக்கலாம். நாங்கள் சட்டியடியில் நின்று கண்டோம்.

நூலகத்துக்கு முன்னால் வானை நிறுத்தச் சொன்னது தம்பி. 1981இல் தொண்ணூற்றேழாயிரம் அளவான புத்தகங்களோடு எரிந்த கட்டடம். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மதிலோரம் நின்றோம். சின்னவள் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டாள். அவனும் அதே மொழியில் மெல்லச் சொன்னான். அந்த ஐந்து நிமிடத்தை ஆய்வாளன் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இனிக் கோட்டை. ஐந்து மூலைக் கோட்டை. போர்த்துக்கேயரிடம் இருந்து அதைப் பிடிக்க ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுக் கிடந்து, 1658 ஜூனில் உள்ளே புகுந்தார்கள். பிரித்தானியரோ 1795இல் சண்டையே இல்லாமல் எடுத்தார்கள். எங்களுக்கு ஞாயிறு பத்தரை தொடக்கம் பன்னிரண்டரை வரை இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. பெண்களும் பிள்ளைகளும் உடுப்புக் கடைக்குப் போய்விட்டார்கள். நானும் தம்பியும் கொத்தளத்தின் மேல் ஏறி, கடல் நீர் வெயிலில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். நாலாவது மூலை வந்ததும் தம்பி நின்றான்.

"அண்ணை, அஞ்சாவது மூலையும் இதே மாதிரித்தானே இருக்கும்?"

அப்போது அவன் உண்மையைச் சொன்னான். ஐந்து வருஷமாகப் பலெர்மோவில் இருந்து அவன் நினைத்துக்கொண்டிருந்தது கோட்டையை அல்ல, ஒடியல் கூழை. ஆனால் நல்லூர்க் கொடியேறினால் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, பதினொரு வீட்டிலும் மச்சம் இல்லை. பட்டியலில் உள்ள ஒரு குசினியிலும் மீன் நுழையாது. பாசையூரில் அவனோடு படித்த கூட்டாளி இருக்கிறான், வேதக்காரர், முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி வைத்திருக்கிறான்.

இந்த வீடு நூற்பாவின் ஐவகையில் எதிலும் அடங்காது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். "புறனடை" என்று கொள்க.

வளவில் வேப்பமரத்துக்குக் கீழே பெரிய பானை. ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கூழ் தடித்து வந்துகொண்டிருந்தது. நண்டு, இறால், கணவாய், மீன் தலை. பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும். கூட்டாளியின் தாய் அகப்பையால் கிண்டக் கிண்ட, நண்டுக் கால் ஒன்று மேலே வந்து திரும்பவும் அமிழ்ந்தது. பனையோலையில் பிளா கோலி வைத்திருந்தார்கள். தம்பி முதல் வாய் குடித்துவிட்டு மூக்கால் நீர் வடிய நிமிர்ந்து, ஒன்றும் பேசாமல் பிளாவைத் திரும்ப நீட்டினான். 463 படி ஏறியபின் எடுத்த படத்தில்கூட அவன் முகம் அப்படி இருக்கவில்லை. ஆய்வாளன் தரவு சேகரிக்கும் பொருட்டு இரண்டு பிளா மட்டும் குடித்தான்.

வீட்டுக்கு வந்து கிணத்தடியில் முகம், கை எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். அம்மா விறாந்தையில் இருந்து புழுக்கொடியலையும் மோர்மிளகாயையும் பொதி கட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

"கோட்டை எப்பிடி?"

"நல்லாத் திருத்தியிருக்கிறாங்கள் பெரியம்மா."

"ஓமோ. நல்ல மீன் மணம் போலை."

இடைப்பிறவரலாக எழும் ஐயங்கள்

மூன்று நாளாக நீட்டினால் எல்லாம் பார்க்கலாமே எனின், ஆகாது. இரண்டு நாளுக்கு வந்தவனுக்கு "நேரமில்லை" என்ற ஒரு சாட்டு உண்டு. அளவெட்டியை அதனால்தான் தப்பினோம். மூன்று நாள் நின்றவனுக்கு அது போய்விடும். "மூண்டு நாள் நிண்டவனாம், இஞ்சை வர நேரமில்லையாம்." ஒரு நாள் கூடினால் வீடு பத்துக் கூடும், இடம் ஒன்றும் கூடாது. இக்கணக்கின்படி யாழ்ப்பாணத்தை நன்றாகப் பார்க்க உகந்த கால அளவு அரை நாள்.

ஒருவருக்கும் சொல்லாமல் வந்து விடுதியில் தங்கினால் என்ன என்பாரும் உளர். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வந்தது. வரவேற்பில் நின்ற பெடியன் அடையாள அட்டையில் பேரைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் அராலி தானே?" என்றான். அவனும் அராலி. அன்று இரவே விடுதி வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள்களும் ஒரு சாப்பாட்டுக் கரியரும் வந்து நின்றன. அவர்கள் மீதி நாளைக் கழித்தது பார்க்கப் போவதில் அல்ல, ஏன் சொல்லாமல் வந்தோம் என்று விளக்குவதில்.

நயினாதீவு, நிலாவரை, கீரிமலை, பருத்தித்துறை பற்றி இக்கட்டுரை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் தாளின் முன்பக்கத்தைப் பார்க்கவும். அது இன்னும் புதிதாகவே இருக்கிறது.

பின்னிணைப்பு

தம்பி போய் மூன்று கிழமை கழித்து வீடியோவில் கதைத்தான். இரண்டு பேரும் இந்த ஆய்வின் முடிபுகளைப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா பக்கத்தில் இருந்து முருங்கைக்காய் சீவினா.

"அண்ணை, நீங்களும் பெரியம்மாவும் ஒருக்கா இஞ்சை வாங்கோ. நான் புளோரன்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போறன். இரண்டு நாள் காணும். அங்கை ஒரு சொந்தமும் இல்லை, ஒரு வீட்டையும் போகத் தேவையில்லை. எல்லாம் வடிவாப் பாக்கலாம்."

அம்மா கத்தியை வைத்தா.

"புளோரன்ஸோ? அது எங்கை கிடக்கு?"

"நடு இத்தாலி, பெரியம்மா. பொலோஞ்ஞாவில இருந்து ரயிலில கொஞ்ச நேரம்."

"பொலோஞ்ஞா..." என்று அம்மா கூரையைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் அறிவேன். "பொறு, பொறு. கந்தரோடை ஆச்சியின்ரை நடுவில் மோளின்ரை பெறாமகள் கலியாணம் முடிச்சுப் போனது உந்தப் பொலோஞ்ஞாவுக்குத்தானே? ரெண்டு பிள்ளையளும் பிறந்திட்டுது. நாங்கள் இன்னும் ஒண்டையும் பாக்கேல்லை." பக்கத்தில் கிடந்த மின்சாரப் பில்லை எடுத்துத் திருப்பினா. "பேனையைத் தா."